நம்ம கலர் கேட்ட பெண்

"நம்ம கலர் வேணும்னு வெள்ளைக்காரப் பொண்ணு காசு குடுத்து அந்த லைட் பெட்டிக்குள்ள படுக்கறாளேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சுடி."

எண்பதுகளின் கடைசி. நியூவர்க்கிலிருந்து எடிசன் போகும் ரயிலில், என் முன் சீட்டிலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. ஓர் அம்மாவும் கல்லூரி வயது மகளும். மகளின் தோழி லிண்டாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"முதுகுல அவ்ளோ பெரிய கட்டு! ஸ்கின் கேன்சர்னா இந்த வயசுலயா வரும்?"

"ஹைஸ்கூல்லேர்ந்தே தோல் கறுக்கணும்னு டானிங் கடைக்குப் போய் அந்த லைட் பெட்டியில படுத்தாளேம்மா. அதுதான் காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாராம்."

"நான்தானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போவேன்."

"என்னை மட்டும் கார்லேர்ந்து இறங்கவே விட மாட்டே."

"நீ கறுத்துடுவியேன்னுதான். வெயில்ல நிக்காதே, நிக்காதேன்னு உன்னைத் தினம் கத்தினேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா கேட்டிருக்கவா போறா?"

"கேட்டிருப்பா. உன்னைவிட அவதான் என் பேச்சைக் கேப்பா."

அடுத்த ஸ்டேஷனில் சிலர் இறங்கினார்கள், ரயில் மறுபடி கிளம்பியது.

"கடையிலேர்ந்து வந்ததும் என் கைக்குப் பக்கத்துல அவ கையை வெச்சுப் பாப்பா. 'ஆன்ட்டி, உங்க கலர் வந்துடுச்சா?'ன்னு கேப்பா."

"ஞாபகம் இருக்கும்மா. விடு."

"இன்னும் கொஞ்சம் வரணும்னு சொல்வேன்டி. ஒவ்வொரு தடவையும்."