கீழ்மூலைக் குழி

— அந்தக் கீழ்மூலை மட்டும் வேணாம் திர்சா. மேட்டுல, கோயில் சுவரை ஒட்டி நல்ல எடமா இருக்கு. கடப்பாறை போட்டு, பொழுது சாயறதுக்குள்ள வெட்டிடுவேன்.

— மேட்டை யாரு கேட்டா ஜெத்ரோ அண்ணே? எம்புருஷனுக்கு எங்க குழி வெட்டணும்னு நாந்தானே சொல்லணும். கீழ்மூலையில, எம்பொண்ணு லெட்டி பக்கத்துல வெட்டுங்க.

— பாரும்மா, அங்க மண்ணு ஒரு சாண்தான். அதுக்குக் கீழ பூராவும் சுண்ணாம்புப் பாறை. மம்முட்டி எறங்காது.

— ஒரு சாண் மண்ணு மேட்டுலதான். பள்ளத்துல ஆளு ஒயரத்துக்கு இருக்கு. இத்தனை வருஷமா இந்தக் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுறீங்க, பொய்யையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா?

— பாதிரியாரும் மேடுதான் நல்லதுன்னு சொல்றாரு.

— அவரு பிரிஸ்டல்லேருந்து வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். சரி, உள்ளதைச் சொல்லுங்க.

— தண்ணி வரும்மா.

— எங்கேருந்து வரும்? மூணு வாரமா ஒரு தூறல் இல்ல. வெளிய பாருங்க, வெயில் பளிச்சுனு அடிக்குது. இந்தப் பள்ளத்தாக்குல ஆடு மேயுது, வண்டி போகுது. ஆறு எங்க இருக்கு?

— கெணறு வெட்டுறவன் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது? அக்டோபர்லேருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் கொட்டுன மழை பூராவும் பாறைக்குள்ள எறங்கிக் கெடக்கு. அது அடியிலேருந்து மெல்ல ஏறிக்கிட்டே வரும். மழையை எல்லாரும் மறந்த பொறவு, பிப்ரவரியில, கீழ்மூலையிலதான் மொதல்ல ஊத்துக்கண் தொறக்கும். நேத்து கோயில் கெணத்துல கயிறு விட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்துல ஏழடி ஏறியிருக்கு.

— எங்க வீட்டுக் கெணத்துலயும் அப்படித்தான். ரூபென் படுத்த படுக்கையா இருந்தப்பவும், தெனம் என்னையக் கயிறு விட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னாரு. இந்தப் பள்ளத்தாக்கை வெட்டுனதே பழைய காலத்துக் குளிருதான்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு.

— என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கான். ரெண்டு குவளை சைடர் உள்ள போனாப் போதும். நெலமே உறைஞ்சு போய், பாறையில பொட்டுத் தண்ணி எறங்க வழியில்லாம அடைச்சுக்கிச்சாம். கோடையில உருகுன பனியெல்லாம் மேலாலயே ஓடி, மலையை இப்படி அறுத்துப் போட்டுச்சாம். அப்புறம் குளிர் விட்டு, பாறையில அடைச்ச பனி எளகி, ஆறு அடியில எறங்கிடுச்சு. பள்ளத்தாக்கு மட்டும் காஞ்சு மேல நிக்குது.

— இவ்வளவும் தெரிஞ்சவரு அண்ணே அவரு.

— அதனாலதான் சொல்றேன். அவனைக் கொண்டுபோய்த் தண்ணியில போட என்னால ஆகாது. மண்ணு இறுகுறதுக்குள்ள தண்ணி ஏறுனா பெட்டி மெதந்து வந்துடும்.

— மெதக்காது. பெட்டிக்குள்ள அடியில ரெண்டு வரிசை கல்லு அடுக்கச் சொல்லி ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணு கேக்கறேன். லெட்டிக்கு வெட்டுனப்ப ஏன் இதையெல்லாம் சொல்லல?

— அது ஆகஸ்டு மாசம். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் மழையே சரியா இல்ல, ஊத்தும் தொறக்கல. நான் அதை மறந்தே போயிட்டேன். மண்ணு மெத்துனு இருக்கு, சின்னப் பெட்டிதானேன்னு வெட்டிட்டேன்.

— அடுத்த பிப்ரவரியில?

— முழங்கால் அளவு தண்ணி. தோட்டத்துக் கதவைப் பூட்டி, சுவரு சரிஞ்சிருக்கு, யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஊத்து வெளியதான், உள்ள ஈரமே இல்லன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கூசாமச் சொன்னேன். வருஷா வருஷம் இதே கதைதான். அந்த மூலையில அப்புறம் ஒருத்தருக்கும் நான் வெட்டல. பத்தொம்பது வருஷமா உன் மூஞ்சியப் பார்க்கவே எனக்குக் கூச்சமா இருக்கும்மா. என்னை மன்னிச்சுடு.

— தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு கெணறு வெட்டுறவருக்குத் தெரியாதா அண்ணே? மொத வருஷமே வந்து என்கிட்டச் சொல்லிட்டாரு.

— தெரிஞ்சுக்கிட்டேவா என்கூட உக்காந்து குடிச்சான்?

— ஜெத்ரோ ஏற்கெனவே நொந்து கெடக்கான், ஒரு வார்த்தை கேட்டுடாதேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு.

— அப்படின்னா எல்லாம் தெரிஞ்சும் அவனை ஏன் அந்த ஈரத்துலயே போடச் சொல்ற?

— அவ பத்தொம்பது வருஷமா அந்தத் தண்ணியில தனியாக் கெடக்கா. இந்தத் தடவை ஊத்துக்கண் தொறக்கறதுக்குள்ள அவ அப்பா அவகிட்டப் போயிடணும்.