ஏழு எலிகள் போக

ஆய்வுக்கூடத்துக்குள் காபி குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. முப்பத்தொரு வருடங்களில் நான் அதை ஒருமுறைகூட மீறியதில்லை. குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் விசாரணை அறிக்கையில் என்னைக் கவனக்குறைவானவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

யெல்மர் ரொட்டிக்கடைக்காரர், நாற்பத்திரண்டு வயது. அவருடைய கல்லீரலில் ஒரு மரபணு கெட்ட புரதத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருந்தது. அது நரம்புகளில் படிந்து பாதங்கள் மரத்துப்போயின. அடுப்பின் முன்னால் நிற்கவே ஊன்றுகோல் வேண்டியிருந்தது. அவர் அப்பாவும் இதே நோயில்தான் போனார். அந்த மரபணுவை அடக்கி வைக்கும் மருந்தை உருவாக்கியவன் நான்.

முதலில் நாற்பது எலிகளுக்குப் போட்டோம். எட்டு வாரம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது வாரம் ஏழு செத்தன. பன்னிரண்டு வருடமாக என்னோடு வேலை பார்த்த ரின்ஸ்கே அவற்றை அறுத்துப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

"ஏழுக்கும் கல்லீரல் அழுகிப்போச்சு, ஸ்யூர்ட். மருந்துதான் காரணம்."

"கூண்டுல தண்ணி கெட்டிருக்கும்."

"எல்லாக் கூண்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணிதான். யாரை ஏமாத்துற நீ?"

அந்த ஏழையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். முப்பத்துமூன்று எலிகள், ஒரு சாவும் இல்லை. அந்த முடிவுகளில் ரின்ஸ்கே கையெழுத்துப் போட மறுத்தாள். அவள் சோதனைக் குழாய்களை மாற்றிவைத்துக் குழப்புகிறாள் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். அடுத்த மாதம் அவள் மேசை காலியானது.

முதல் ஊசி போடும் நாளில் யெல்மர் தன் கடைச் சர்க்கரை ரொட்டியோடு வந்தார். கூடவே மனைவி மாய்கே.

"என் மரபணு நீங்க சொன்னாக் கேக்குமா, புரொஃபசர்? நான் சொன்னா வீட்டுல பூனைகூடக் கேக்காது."

"சும்மா இருங்க," என்றாள் மாய்கே. பிறகு என்னைப் பார்த்து, "எலிங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை."

ஆறாவது வாரம் ஊன்றுகோல் இல்லாமல் கால்வாய்ப் பாலம்வரை நடந்து திரும்பினார். மாய்கே என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நடையை அவருக்கு வேறு யார் கொடுத்தார்கள்? நீங்களா, ரின்ஸ்கேவா?

எட்டாவது வாரத்து இரத்தப் பரிசோதனையை நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். காலை பத்து மணிக்கு. கல்லீரல் சிதையத் தொடங்கியிருந்தது. அப்போதே மருந்தை நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். பதினொரு மணிக்கு அவர் வந்தார். கண்கள் லேசாக மஞ்சளித்திருந்தன.

"கொஞ்சம் அசதியா இருக்கு, புரொஃபசர். இன்னைக்கு ஊசி போட்டுக்கலாமா?"

"தாராளமா."

இரண்டாவது ஊசியை நர்ஸின் கையில் நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த ஊசியைப் போடாமல் விட்டிருந்தால் மரபணு மறுபடி விழித்துக்கொண்டிருக்கும். எட்டு வாரம் வீண்.

அதிலிருந்து பதினேழாம் நாள் யெல்மர் இறந்தார். ரின்ஸ்கே தன் குறிப்பேட்டை உங்களிடம் கொடுத்தாள். அதில் உள்ளதெல்லாம் உண்மை. தெரிந்தேதான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மருந்து தோற்றது என்று ஒரு வரி இருந்தாலும் போட மாட்டேன். கடைசி நாளில் எடுத்த இரத்தத்தில் அந்தப் புரதம் துளிகூட இல்லை. மாய்கேவிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவள் கணவர் குணமாகித்தான் இறந்தார்.