உள்ளறையைத் திறந்த பரிமளா அம்மையார்

மாலை மயங்குமுன் விளக்கேற்றி, மழை முட்டுமுன் சன்னல் சாத்தி, முப்பது ஆண்டுகள் எங்கள் மண்டபத்தைக் காத்து இன்று ஓய்வுபெறும் பண்பின் பெட்டகம் பரிமளா அம்மையாருக்கு, அறந்தாங்கி ஃப்ரீமேசன் சங்க மண்டபத்துச் சகோதரர்கள் நன்றியோடு படைக்கும் மடல்.

அவர் காப்பாளராக வந்த நாளில், பூட்டிய அறைக்குள் தலையை வெட்டுவார்கள் என்று பயந்த ஊர் இக்கட்டடத்தைத் 'தலைவெட்டிக் கோயில்' என்று சொல்லிச் சுற்றிப்போனது. உறுப்பினரல்லாதார் உள்ளறை வாசலைத் தாண்டக்கூடாது என்பது கட்டியவர்கள் வைத்த விதி. அதன் சாவியை வைத்திருந்த அவரும் தாண்டியதில்லை. அந்த அறையை நாங்களே பெருக்கினோம். மண்டபத்தில் நாங்கள் நடத்திய இலவசக் கண் முகாம்களில் முதியோரைக் கைபிடித்து அமர்த்தியவர் அவர். அவர் கொடுத்த டீயைக் குடித்துக் குடித்தே ஊரின் பயம் தெளிந்தது.

கஜா புயலன்று காலை, கூரை பறிகொடுத்த பின்தெருவார் நாற்பது பேரை அவர் முன்கூடத்தில் ஏற்றினார். சற்றைக்கெல்லாம் அங்கே சன்னல்கள் பெயர்ந்து விழுந்தன. மிஞ்சியது சன்னலே இல்லாத உள்ளறை. செயலாளர் கோபிநாத்துக்குப் போன் கிடைக்கவில்லை.

"அதுக்குள்ள போலாமாக்கா? ஏதும் ஆயிருமா?" என்று கேட்டார் நிறைமாதமாயிருந்த செவந்தி.

"ஒண்ணும் ஆவாது. போனா என் வேலைதான் போவும். நீ வா" என்று பூட்டைத் திறந்தார் அம்மையார். கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கீழே உட்கார முடியாத செவந்தியைத் தலைவரின் நாற்காலியில் அமர்த்தினார்.

மறுநாள் விழுந்த மரங்களைத் தாண்டி வந்த கோபிநாத்திடம் சாவியை நீட்டினார். "கேட்டுத் திறக்க வழியில்லைங்க. தப்புன்னா வாங்கிக்கங்க."

கோபிநாத் வாங்கவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அம்மையாரை நீக்கச் சொன்னவர்களும் எங்களில் இருந்தார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. மூத்தவர் வீரய்யா எழுந்தார். "சகோதரத்துவம்னு வருசம் பூரா பேசுறோம். அந்தம்மா ஒரே காலையில செஞ்சுட்டாங்க. அவங்கள அனுப்புறதுன்னா நானும் போறேன்." நீக்கும் பேச்சை அத்தோடு விட்டோம்.

கூரையிழந்தவர்களுக்குப் பதினொரு நாள் அந்த அறையிலேயே கஞ்சி ஊற்றினோம். அம்மையார் மட்டும் வாசலில் நின்றே பாத்திரங்களை நீட்டினார். உள்ளே அழைத்தபோது, "இப்பப் புயல் இல்லீங்களே" என்றார்.

அதன்பின் இன்றுவரை அவர் அவ்வாசலைத் தாண்டவில்லை. ஆகவே, சென்ற மாதக் கூட்டத்தில் அந்த வாசல் விதியை ஒருமனதாக நீக்கினோம். இம்மடலை உள்ளறையில்தான் அளிக்கிறோம். அம்மையார் முன்னே நடக்க, நாங்கள் பின்னே வருகிறோம்.

கோட்டைப்பட்டினத்தில் மகள் ஹரிணியின் இல்லத்தில் நோவறியா உடலும் கவலையறியா உறக்கமும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க என வணங்கும்,

மண்டபத்துச் சகோதரர்கள்,
அறந்தாங்கி.