உடனிருந்தார்

— ரெண்டு புத்தகத்தையும் எடுத்து மேசை மேல வைங்க டாக்டர். என்னோடதும், பட்டுவோடதும்.

— இந்தாம்மா, முதல்ல கதவைச் சாத்து. வெளியில நாயும் பூனையுமா பத்துப் பேர் உட்கார்ந்திருக்காங்க.

— இருக்கட்டும். புத்தகம்.

— சேர்ந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா? இந்த ஆஸ்பத்திரியில எதை வேணா கேளு, பயிற்சிப் புத்தகத்தை மட்டும் கேட்காதே. நேரம் வந்தா நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு கால்நடை கவுன்சிலுக்கு அனுப்புவேன்னு?

— சொன்னீங்க. ரெண்டு வருஷம் வாயைத் திறக்கல. நேத்து கவுன்சில்லேர்ந்து கடிதாசி வந்திருக்கு. 'செய்தார்'னு நாப்பது பதிவு வேணுமாம், நீங்க அனுப்பின கணக்குல எனக்குப் பதினொண்ணுதான் இருக்காம். வெள்ளிக்கிழமையோட பரிட்சைக்குப் பேர் குடுக்கிறது முடியுது. பரிட்சை எழுதினாத்தான் பதிவு நம்பர். நம்பர் இருந்தாத்தான் நர்ஸ். இல்லன்னா கூண்டு கழுவுறவ.

— கூண்டு கழுவுறது கேவலமா?

— கேவலம்னா தினம் கழுவுவேனா? உங்க அண்ணன் பொண்ணும் பயிற்சிக்குத்தானே வந்திருக்கா? அவளை ஒரு நாள் கழுவச் சொல்லுங்களேன்.

— பட்டுவுக்கு அலர்ஜிம்மா.

— எது? தண்ணியா, துடைப்பமா?

— நாக்கு நீளுது உனக்கு. இந்தா, ரெண்டும் இருக்கு. கண்ணு வலிக்கப் பாரு.

— 'உடனிருந்தார்'. 'உடனிருந்தார்'. திருப்பினா மறுபடியும் 'உடனிருந்தார்'. என்ன டாக்டர் இது, கல்யாண போட்டோவா, பக்கத்துல நின்னேன்னு எழுதுறதுக்கு? பட்டுவோடது… நாப்பத்தி மூணு 'செய்தார்'! மூணு கொசுறு வேற.

— அவ செய்யறா, எழுதறேன்.

— ஏப்ரல் ஒன்பது. கறுப்பு நாய், பின்னங்காலைக் கம்பி கிழிச்சது. பதினாலு தையல். யார் போட்டது?

— கேஸ் ஷீட்ல என் பேர் இருக்கு.

— நீங்க வீட்ல இருந்தீங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு மருந்துத் தட்டுல வச்சிருந்தேன். ரெண்டாவது தையல்ல லைன் போயிடுச்சு. மிச்சம் பன்னெண்டும் நானும் நாயும்தான். நான் உடனிருந்தேனாம்! யார் உடன்? நாயோட உடனா?

— மெதுவாப் பேசு. யாரோ வர்றாங்க.

— அத்தை… ஐயோ, பேசிட்டிருக்கீங்களா? அக்கா, அந்த வெள்ளைப் பூனை ரத்தம் எடுக்க விட மாட்டேங்குது. மூணு தடவை குத்திட்டேன். ஒரே ஒரு நிமிஷம் வாங்களேன்.

— வர மாட்டேன் பட்டு.

— அக்கா, ப்ளீஸ்! கடிச்சிடும் போல இருக்கு.

— இங்கேருந்தே சொல்றேன், கேளு. கழுத்தை அமுக்க வேண்டாம்னு பிடிக்கிற அண்ணன்கிட்ட சொல்லு. துண்டுல சுத்தி ஒரு முன்னங்காலை மட்டும் வெளிய எடு. நீ இன்னும் குத்தாத கால். முடியை ஸ்பிரிட்ல நல்லா நனை. அண்ணன் முழங்கை மடிப்புல கட்டைவிரலால அழுத்தட்டும், நரம்பு தானா எழும்பும். ஊசியைக் குத்தாதே. படுக்க வச்சு நுழை.

— படுக்க வச்சு… சரிக்கா. கதவு திறந்தே இருக்கட்டும்.

— பார்த்தியாம்மா, எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுக்கறே! இதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது.

— பிடிச்சதை எங்கயாவது எழுதினீங்களா?

— அக்கா! வந்துடுச்சு! ரத்தம் வந்துடுச்சு!

— சபாஷ்டி பட்டு! என் கண்ணு!

— என்ன எழுதறீங்க டாக்டர்?

— ஒண்ணுமில்ல.

— நாப்பத்தி நாலு. 'செய்தார்'. மை கூடக் காயல.

— அவதானே எடுத்தா?

— ஆமாமா. அவதான் எடுத்தா. நான் உடன்கூட இல்ல.

— இந்தாம்மா, இதுக்குப் பேரு பொறாமை. வேற ஒண்ணும் கிடையாது.

— பொறாமைதான். இல்லன்னு யார் சொன்னா? அவ 'என் கண்ணு', நான் 'இந்தாம்மா'. அவ கோட்ல அவ பேரை நூலால தைச்சுக் குடுத்தீங்க. என் கோட்ல போன நர்ஸ் பேரு இருந்துச்சு, நானே உட்கார்ந்து பிரிச்சேன். இன்னும் ஓட்டை ஓட்டையா இருக்கு, பாருங்க. அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுத்தப்ப மணிக்கட்டைப் பிடிச்சீங்க. நான் தட்டை ஏந்திட்டு அதையே பார்த்துட்டு நின்னேன். என் கையை ஒரு நாளாவது தொட்டிருப்பீங்களா? கறிக்கடைக்காரர் மக கைன்னுதானே?

— வாயைக் கழுவு! உங்கப்பா தொழிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா நான்?

— சொல்லல. சிரிச்சீங்க. 'அப்பன் வெட்டுவான், மக தைப்பா'ன்னு அந்த மருந்து கம்பெனி ஆள் சொன்னப்ப, வாயைப் பொத்திட்டுச் சிரிச்சீங்க.

— தள்ளு, வெளியில கேஸ் காத்திட்டிருக்கு.

— பதில் சொல்லுங்க டாக்டர்.

— உன் கையைப் பிடிக்க வேண்டிய வேலையே வரல. போதுமா? தோலுக்கு உள்ளே போடுற தையல் இருக்கே, அது எனக்குப் படிய நாலு வருஷம் ஆச்சு. எங்க சார் கத்தரிக்கோல் பிடியாலயே விரல்ல தட்டுவார். நீ நாலு மாசத்துல போட்டே. அந்தக் கறுப்பு நாயைக் கட்டுப் பிரிக்கக் கூட்டிட்டு வந்தாங்கல்ல? காயம் எங்கன்னு நானே தேடினேன். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல.

— அதை ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா இருப்பியா? பதிவு நம்பர் கைக்கு வந்த மறுநாளே எவனாவது பெரிய ஆஸ்பத்திரிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான். பட்டு போக மாட்டா. என் வாயாலயே சொல்றேன், அவளை எவன் கூப்பிடுவான்? நீ போனா நாளைக்கு இங்க யாரு?

— ஓகோ. நல்லாச் செஞ்சேன், அதனால செய்யவே இல்ல. அப்படித்தானே?

— சரி, விடு. குத்தம் என்னோடதுதான். பேனாவை எடு. இருபத்தொம்பதுதானே குறையுது? வரிசையா மாத்திடறேன். கையெழுத்தும் சீலும் போட்டு இன்னைக்கே அனுப்பிடலாம். இதோ, ஏப்ரல் ஒன்பது. 'செய்தார்'. பாரும்மா. சந்தோஷமா?

— அழகா இருக்கு.

— அடுத்தது எது, சொல்லு.

— பேனாவை வைங்க டாக்டர். அந்தக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கே, அதைப் படிங்க.

— 'மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில்.' அதெல்லாம் சம்பிரதாயம். எவன் படிக்கிறான்?

— நான் படிச்சேன். எங்க வீட்ல சின்ன எழுத்துன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. படிச்சவ நான் ஒருத்திதானே. ஏப்ரல் ஒன்பது நீங்க கண்காணிச்சீங்களா?

— அப்ப என்னதான் வேணும் உனக்கு? எழுதலன்னாலும் குத்தம், எழுதினாலும் குத்தமா? கவுன்சிலுக்குப் போகலாம்னு மட்டும் நினைக்காதே. நான் ஒருத்தி மாட்ட மாட்டேன். பயிற்சியில இருக்கிறவ தனியா மயக்க ஊசி போட்டுத் தையலும் போட்டான்னு தெரிஞ்சா, உனக்கும் ஆயுசுக்கும் பதிவு கிடையாது. நல்லா யோசி.

— யோசிச்சாச்சு.

— எங்கே கிளம்பிட்டே? இந்தாம்மா, புத்தகத்தை விட்டுட்டுப் போறே!

— அது உங்க எழுத்து. நீங்களே வச்சுக்கோங்க. நான் தனியாச் செஞ்சது ஒவ்வொண்ணையும் தேதி போட்டு, எந்த மிருகம், என்ன மருந்து, நீங்க எங்கே இருந்தீங்கன்னு என் எழுத்துல எழுதி, காலையிலேயே கவுன்சிலுக்குப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டுத்தான் வந்தேன். தப்புப் பண்ணினவங்க பட்டியல்ல முதல் பேரு என்னோடது.

— அனுப்பிட்டியா? அனுப்பிட்டு வந்து எதுக்குடி புத்தகத்தைக் கேட்டே?

— தையல் எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை உங்க வாயால கேட்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன்.

— பாவி! எல்லாம் பட்டு மேல இருக்கிற பொறாமையில பண்ணினான்னு நான் சொல்வேன். கவுன்சில்ல நின்னு சொல்வேன்!

— சொல்லுங்க. கடைசி வரியில நானே எழுதியிருக்கேன்: 'பொறாமையில்தான் எழுதுகிறேன். தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளவும்.'