கை தூக்கும் வரை

முட்டி வலிக்கிறது, உட்கார்ந்தே சொல்கிறேன் ஐயா. இருபத்திரண்டு வருடம் பந்து பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்றால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். அம்பயர் பிழைப்பு மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி.

சாப்ட்பாலில் எங்கள் வேலையில் பாதி, பார்த்தும் சும்மா இருப்பது. பந்து அடிபட்டதும் ஓடுகிறவள், வழியில் மிதித்தே ஆகவேண்டிய ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டினாள் என்று வையுங்கள். எதிரணி வந்து அம்பயரிடம் அப்பீல் கேட்டால்தான் நான் வாய் திறக்கலாம். அடுத்த பந்தை எறிந்துவிட்டால் அதுவும் போச்சு. அதேபோல, நான் கையைத் தூக்கி ‘டெட் பால்’ சொல்லும்வரை ஆட்டம் நிற்காது. கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வரவும் கூடாது.

போன வருட இறுதியாட்டத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் விழுந்தாள். பதறிப்போய்க் கையைத் தூக்கிவிட்டேன். அந்த அணியின் கோச் என் மனைவியின் தம்பி. விழுந்தது அவன் மகள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் ஓடியவள் ஹோம் பேஸைத் தொட இரண்டு எட்டுதான் இருந்தது. நான் நிறுத்தியதால் அந்த ரன் சேரவில்லை, அவர்களுக்குக் கோப்பை போனது.

மறுவாரம் வீட்டு விருந்தில் மைத்துனன் விதிப்புத்தகத்தைப் பரிசுத்தாளில் சுற்றி எல்லார் முன்னாலும் என்னிடம் கொடுத்தான். “பாசம் கண்ண மறைச்சிடுச்சு மச்சான். மைதானத்துல நீங்க அம்பயர், யாருக்கும் மாமா இல்ல. எழுத்துக்கூட்டியாவது படிங்க.” எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படித்தேன்.

நேற்று அவன் மகள்தான் பந்தெறியும் பிட்சர். பதினாறு வயது. எதிரணி அடித்த பந்து நேராக அவள் தொண்டையில் பட்டுத் தெறித்து வேலிப்பக்கம் உருண்டது. எல்லாரும் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். அவள் அப்பாவும் பந்தைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தான். முதலுதவி நர்ஸ் மட்டும் பையோடு கோட்டில் நின்று என் கையையே பார்த்தாள். பெண்கள் தப்புத்தப்பாக எறிந்தார்கள். ஓடியவள் இரண்டு பேஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தாள். ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும்.

பலத்த காயம் என்றால் உடனே நிறுத்தலாம் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கம், அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆட்டத்தைக் கவனிக்க நடுவே போயிருந்தேன். அவள் உதடு நீலமானதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையைத் தூக்கவில்லை. எழுத்துப் பிசகாமல் நடத்துகிறேன், அவன் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஓடியவள் அவுட் ஆன பிறகுதான் தூக்கினேன். அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம்.

நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டார்களா என்கிறீர்கள். இல்லை என்றுதான் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், அது பொய்யில்லை. அவள் தவழ்ந்து வந்து என் காற்சட்டையைப் பிடித்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது. “மாமா” என்றாள். இரண்டு தடவை.

அம்பயரை அவள் கூப்பிடவே இல்லை ஐயா.