கழற்றி எறிந்த கீபோர்ட்

பின்னேரம் ஐந்தே முக்கால். கொட்டகலையிலிருந்து மேலே ஏறுகிற தோட்டத்து ரோடு. மூன்று மைலுக்கு ஒரு வீடு கிடையாது... இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் பனி. அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவன் கஜேந்திரன். என்னோடு வேலை செய்யும் பிரேமினியின் அண்ணன். அவள்தான் எனக்குச் சொன்னாள்... இதே மாதிரி, கரண்ட் போன ஒரு ராத்திரியில்.

சிரிக்காதீர்கள். அவனும் சிரித்தவன்தான்.

ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். வேலை தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவனுக்கிருந்த கொழுப்பு! தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து லயத்துச் சோற்றில் வளர்ந்தவன், டவுனில் ஒரு கடை போட்டதும் தோட்டத்து ஆள்களைக் 'காட்டுக் கூட்டம்' என்பான். கழுத்தில் ஒரு பென் டிரைவைத் தாலி மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு திரிவான்.

அன்று அவனைக் கூப்பிட்டது தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது டோரீன். அவளுடைய லெப்டொப்பில் எப்போதோ பிளேன்டீ கொட்டி, அதிலிருந்த எழுத்துகள் செத்துப்போயிருந்தன. வெளியே ஒரு கீபோர்டைச் செருகித்தான் வேலை. முந்தின நாள் அது தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் திறந்தால்... கீபோர்ட் வேலை செய்யவில்லை. திரை பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது. அடிக்க வழியில்லை.

கதவோரம் அழகுமுத்து நின்றான். தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவன். கையில், துவாயில் சுற்றிய பத்து நாள் பெண் குழந்தை. வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதன் தாய், கொழுந்து பறிக்கிற பூரணி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே பெற்று, லொறியிலேயே இறந்துபோனவள்.

"தம்பி, இன்னைக்கே தொறந்தாகணும்" என்றாள் டோரீன். "இவங்க கலியாணத்தப் பதியல. தகப்பன் இவருதான்னு பூரணி கிளினிக்ல சொன்னது இதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்குக் காலைல சிறுவர் நலன் ஆபீஸ்காரங்க வர்றாங்க. அந்தப் பேப்பரக் காட்டலேன்னா புள்ளைய அனாதை இல்லத்துக்குக் கொண்டு போயிருவாங்க."

"அங்கயாவது வயித்துக்கு ஒழுங்காக் கெடைக்கும்" என்றான் கஜேந்திரன்.

கீபோர்டைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். இல்லை. மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டான். இல்லை. தன் பையிலிருந்த புதுக் கீபோர்டைச் செருகிப் பார்த்தான். அதுவும் இல்லை. கீபோர்டில் பழுதில்லை, அப்டேட்தான் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். மூலையில் ஒரு சின்னப் படத்தை மவுஸால் தட்டினால் திரையிலேயே எழுத்துப் பலகை வரும். எழுத்தெழுத்தாகத் தட்டிப் பாஸ்வேர்டைப் போட்டுவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அவன் செய்யவில்லை. சொல்லவும் இல்லை. மழைக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும்... லயத்துக்காரனுக்காக யார் நனைவது?

"கடைல வச்சுத்தான் பாக்கணும். ரெண்டு கிழமையாகும்."

"நாளைக்குக் காலைல வேணும்ங்களே..." என்றான் அழகுமுத்து.

"ஒனக்கு என்ன தெரியும் இதப் பத்தி? கொழுந்து மூட்டையா, தூக்கிக் கைல குடுக்க?"

டோரீனின் பழைய கீபோர்டை வயரோடு சுருட்டிப் பெஞ்சில் எறிந்தான். லெப்டொப்பை மூடக் கை வைத்தான்.

டக்.

கூரைத் தகரத்தில் மழை விழுகிறது என்று நினைத்தான். மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

டக்... டக்...

சத்தம் பெஞ்சிலிருந்து வந்தது. வயரின் முனை சும்மா தொங்குகிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. நிதானமாக... பழக்கமில்லாத ஆள் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்குகிற மாதிரி. ஈரக் கம்பளியும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசம் அறைக்குள் வந்தது. திரையில் புள்ளிகள் விழுந்தன. டோரீன் வாய்க்குள் எண்ணினாள். ஒன்பது. அவளுடைய பாஸ்வேர்டில் ஒன்பது எழுத்து. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. முகத்தைப் பெஞ்சுப் பக்கம் திருப்பியிருந்தது.

மெஷின் திறந்தது. பூரணியின் பதிவுப் பக்கம் திரையில் வந்தது. பிரிண்டர் உறுமி, ஒரு தாளைத் தள்ளியது.

"பூரணி..." என்றான் அழகுமுத்து, பெஞ்சைப் பார்த்து. அந்தக் குரலில் பயம் இல்லை. "நம்ம புள்ள நல்லாயிருக்கு, புள்ள."

கஜேந்திரனுக்கு உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. "அப்டேட்டு... லேட்டா வேல செஞ்சிருக்கு. ஒங்களுக்கு எல்லாமே பேய்தான்... காட்டுக் கூட்டம்." வாய் இப்படிச் சொன்னது. கை பெஞ்சிலிருந்த கீபோர்டை எடுத்துப் பைக்குள் திணித்தது.

மறுநாள் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தாளைப் படித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். பிள்ளை இன்றுவரை தகப்பனோடுதான் இருக்கிறது.

கஜேந்திரன்தான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கீபோர்டைக் கையோடு கொண்டு வந்திருந்தான். அதன் கோளாறைக் கண்டுபிடித்துக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராதாம். வீட்டு மேசையில் பிரேமினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்த்து வைத்து, ஆணிகளைக் கழற்றி, முதுகைத் திறந்தான்.

உள்ளே வெள்ளையாக ஏதோ தேங்கி நின்றது.

"பாத்தியா? பால் டீயக் கொட்டியிருக்கானுங்க!" இளித்துக்கொண்டே விரலால் தொட்டான். இளிப்பு நின்றது.

பிரேமினியும் தொட்டுப் பார்த்தாள். தேயிலையின் நிறம் இல்லை. சீனிப் பிசுபிசுப்பு இல்லை. வெதுவெதுவென்று... இப்போதுதான் சுரந்த மாதிரி.

பழந்துணியால் ஒற்றி எடுத்தான். துணியை விலக்கினான்.

மறுபடி ஊறியது.