சத்தமில்லாமல் விழுகிற கட்டை

ஸெய்னுதீன்: ...பிளாஸ்டிக்காம் பிளாஸ்டிக்! குணேஸ்வரித் தங்கச்சி, அது விழுந்தா போலிங் கட்டை விழுந்த மாதிரியா இரிக்கும்? பவுடர் டின் உருண்ட மாதிரி இரிக்கும்.

இராசதுரை: ஸெய்னுதீன் நானா, நீங்கள் கடைஞ்சு குடுத்த மரக்கட்டை விழுந்து போன கிழமை என்ன நடந்தது? சொல்லட்டோ?

ஸெய்னுதீன்: அது முடிஞ்ச கதை...

இராசதுரை: உருட்டினது ஒரு பந்துதான். பத்துக் கட்டையும் படபடவெண்டு விழுந்துது. துறைமுக வாசல் சென்றியிலை காவலுக்கு நிண்ட நேவிக்காரன் துவக்கை இந்தப் போலிங் மண்டபத்துக்கு நேரை திருப்பிட்டான். ஓர்ஸ் ஹில் சனம் முழுக்கக் கட்டிலுக்குக் கீழை! சாம்பல்தீவிலை வள்ளம் இறக்கினவங்கள் திருப்பிக் கரையிலை இழுத்துப்போட்டு ஓடினவங்கள்!

ஸெய்னுதீன்: சாம்பல்தீவுக்கு எப்பிடித் தம்பி கேக்கும்?

இராசதுரை: கேட்டது. கடல் அலையே ஒருக்கா நிண்டுதான் அடிச்சுது.

குணேஸ்வரி: வாயை மூடுங்கோ ரெண்டு பேரும்! உங்களுக்குப் பகிடி. இன்னும் கொஞ்ச நேரத்திலை நேவிப் பெரியவர் வந்து அந்தச் சென்றியடியிலை நிண்டு காது குடுத்துக் கேட்கப் போறார். அவர் ஒருக்காத் திடுக்கிட்டால் என்ரை மண்டபத்துக்குப் பூட்டு. பிறகு நான் சோத்துக்கு என்ன செய்யிறது?

இராசதுரை: அதுக்குத்தானே அக்கா கொழும்பிலையிருந்து பிளாஸ்டிக் கட்டை கொண்டுவந்தனான். உள்ளுக்கு வெறுமை, பாரமில்லை. கறையான் தொடாது, சிராய் எழும்பாது. உங்கடை பேரப்பிள்ளையின்ரை பேரப்பிள்ளையும் இதையே விழுத்தும்.

குணேஸ்வரி: ஓமோம். ஒவ்வொண்டின்ரை வயித்திலையும் ஒரு ஓட்டை இருக்கே, அது என்ன?

இராசதுரை: அது... காத்துப் போக.

ஸெய்னுதீன்: சொல்லன் தம்பி, வெக்கப்படாம!

இராசதுரை: வழியிலை ஒரு செக்பொயின்றிலை மறிச்சவங்கள். "என்ன இது?" எண்டான். விளையாட்டுச் சாமான், பந்தை உருட்டி விழுத்துறது எண்டன். "விழுத்திப்போட்டு?" எண்டான். திருப்பி நிமித்தி வைக்கிறது எண்டன். "பிறகு?" திருப்பி விழுத்துறது. அதைத்தான் அவன் நம்பேல்லை. பத்திலையும் துளை போட்டுப் பாத்தான்.

குணேஸ்வரி: அதாலைதான் அடிபட்டுப் பறக்கேக்கை "ஊ...ய்ய்ய்" எண்டு கூவுது! செல் குண்டு வாற மாதிரி! காலமை ஒருக்கா உருட்டினன். பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் அக்கா அப்பச்சட்டியோடை பங்கர்க் குழிக்குள்ளை குதிச்சிட்டா!

இராசதுரை: அப்பம் கருகேல்லைத்தானே?

ஸெய்னுதீன்: இதைத்தான் நான் சொல்ற. என்ட கட்டை துவக்குச் சத்தத்தோட நிண்டுது. இவன்ட கட்டை செல்லடிக்கே போயிட்டுது!

இராசதுரை: ஓட்டையெல்லாத்தையும் சவுக்காரம் வைச்சு அடைச்சிட்டன் அக்கா. இனிக் கூவாது.

ஸெய்னுதீன்: இனி நுரைக்கும். தங்கச்சி, என்ட சொல்லைக் கேளுங்க. போன முறை பாலை மரம், அது இரும்பு. இந்த முறை பூவரசு. குறிஞ்சாக்கேணிப் பட்டறையில நானே நிண்டு கடைஞ்சது. விழுந்தா பூனை குதிச்ச மாதிரி இரிக்கும்.

இராசதுரை: பூவரசோ! அக்கா, ஒரு மழை பெய்யட்டும், கட்டையெல்லாம் துளிர் விடும். பந்து உருட்ட வாறவங்கள் ஆட்டையும் கொண்டுவந்து கட்டுவாங்கள்.

குணேஸ்வரி: போதும்! பெரியவருக்கு ரெண்டையும் கேட்கவேணுமாம். இடப்பக்கப் பாதையிலை மரம், வலப்பக்கப் பாதையிலை பிளாஸ்டிக். அடுக்கியாச்சு. நான் உள்ளுக்கு நிண்டு உருட்டுவன். இராசதுரை, நீங்கள் வெளியிலை நிண்டு பெருமானை வேண்டுங்கோ, நானா அல்லாஹ்வை வேண்டட்டும். கரண்டும் இல்லை, உள்ளுக்குக் கும்மிருட்டு... சரி, நான் போறன்.

ஸெய்னுதீன்: ஒரு நிமிசம். என்ட தொப்பியை உள்ளுக்கு விட்டிட்டு வந்திட்டன்.

இராசதுரை: தொப்பி தலையிலை கிடக்கு நானா.

ஸெய்னுதீன்: இது இல்ல, மத்தத் தொப்பி.

இராசதுரை: நானா! தொப்பி ஆப்பிட்டுதோ?

ஸெய்னுதீன்: ஆ, வந்திட்டன்.

இராசதுரை: எங்கை மத்தத் தொப்பி? சரி விடுங்கோ. எனக்கும்... குடையை எடுக்கவேணும்.

ஸெய்னுதீன்: மழையே இல்லையே தம்பி?

இராசதுரை: வந்தாலும்!

ஸெய்னுதீன்: ...என்ன இவ்வளவு நேரம்? வேர்த்துக் கொட்டுது உனக்கு?

இராசதுரை: இருட்டு நானா, குடை ஆப்பிடேல்லை. ஸ்ஸ்... மெதுவாக் கதையுங்கோ, பெரியவர் வந்திட்டார். காதுக்குப் பின்னாலை கையை வைச்சிட்டார்.

ஸெய்னுதீன்: சென்றிக்காரன் ஏன் இப்பவே குந்திட்டான்?

இராசதுரை: போன கிழமை பட்ட அனுபவம்.

ஸெய்னுதீன்: கேளு, உருளுது! கட... கட... கட... இடப்பக்கம். என்ட மரம்!

இராசதுரை: ...

ஸெய்னுதீன்: ...

இராசதுரை: ஒரு சத்தமும் இல்லை.

ஸெய்னுதீன்: சொன்னன்தானே! பூனை கூட இல்ல, பூனைட நிழல்!

இராசதுரை: ஓம்... நல்ல மரம்தான் நானா. அருமையான மரம்.

ஸெய்னுதீன்: நீயா சொல்ற?

இராசதுரை: இப்ப வலப்பக்கம். என்ரை பிளாஸ்டிக். உருளுது... உருளுது...

ஸெய்னுதீன்: ...

இராசதுரை: பாத்தீங்களோ! ஒரு கூவல் இல்லை! சவுக்காரம் எண்டால் சவுக்காரம்!

ஸெய்னுதீன்: மாஷா அல்லாஹ். அருமையான பிளாஸ்டிக்.

இராசதுரை: ஏன் நானா தோள் குலுங்குது?

ஸெய்னுதீன்: சந்தோசத்தில. அங்க பாரு, பெரியவர் தலையாட்டுறார்! தங்கச்சியைக் கூப்பிட்டுக் கதைக்கிறார்... சிரிக்கிறார்... போறார்...

குணேஸ்வரி: மண்டபத்தைத் திறக்கலாமாம்! பூட்டு இல்லை! நாளைக்குத் தானும் விளையாட வாறாராம்!

இராசதுரை: ஐயோ... விளையாடவோ?

ஸெய்னுதீன்: யா அல்லாஹ்.

குணேஸ்வரி: ஏன் ரெண்டு பேருக்கும் முகம் செத்துப்போச்சு? சொல்லுங்கோ, நாளைக்கு எதை வைப்பம்?

இராசதுரை: மரம்.

ஸெய்னுதீன்: பிளாஸ்டிக்.

குணேஸ்வரி: காலமை முழுக்கச் சேவல் மாதிரிச் சண்டை பிடிச்சவை, இப்ப இடம் மாறிக் கூவுறியளோ?

இராசதுரை: அக்கா... உண்மையைச் சொல்லுறன். மனச்சாட்சி குத்தித்தான் மரம் எண்டனான். நானாவின்ரை மரம் வெடிச்சுதெண்டால் உங்களுக்குப் பூட்டு எண்டு பயந்து, நான்தான் அதெல்லாத்தையும் தூக்கித் தண்ணித் தொட்டிக்குள்ளை...

ஸெய்னுதீன்: என்ட பூவரசைத் தண்ணியிலயா!

இராசதுரை: துளிர்க்கட்டும் எண்டுதான்.

ஸெய்னுதீன்: அப்ப நானும் சொல்றன். உன்ட பிளாஸ்டிக் பத்தும் கோழிக்கூட்டுக்குள்ள இரிக்கி.

இராசதுரை: கோழிக்கூட்டுக்குள்ளையோ!

ஸெய்னுதீன்: ஒரு பேடு ஏறி அடை கிடக்குது. எழுப்பாத, கொத்தும்.

இராசதுரை: அப்ப ரெண்டு பாதையிலையும் ஒண்டுமே இல்லை! பெரியவர் கேட்டது வெறும் பாதையை! நாளைக்கு அந்தாள் வந்து கட்டையை விழுத்தேக்கை...

குணேஸ்வரி: விழுத்தட்டும். எதையும் வையுங்கோ. துவக்கு மாதிரி வெடிக்கட்டும், செல் மாதிரிக் கூவட்டும். தான் உருட்டின பந்துக்கு ஆரும் குனியமாட்டினம், துள்ளிக் கை தட்டுவினம். இனி அது அவரின்ரை சத்தம். அவரின்ரை சத்தத்துக்கு ஆர் பூட்டுப் போடுறது?

ஸெய்னுதீன்: தங்கச்சி... உங்களுக்கு எங்களில கோவம் இல்லையா?

குணேஸ்வரி: பின்கதவடியிலை நிண்டு, தொப்பி எடுக்கப் போனவர் கைக்குழந்தை மாதிரிக் கட்டையளை அணைச்சுக்கொண்டு போனதையும் கண்டனான். குடை எடுக்கப் போனவர் தொட்டியடியிலை வழுக்கி விழுந்ததையும் கண்டனான். சிரிப்பை அடக்கேலாமல் சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான்.

இராசதுரை: கண்டுகொண்டோ அக்கா பந்தை உருட்டினீங்கள்? கட்டை இல்லாட்டிலும், அவ்வளவு பாரமான பந்து போய்ப் பின்சுவரிலை இடிச்சிருந்தால் சென்றியே சரிஞ்சிருக்கும்!

குணேஸ்வரி: பந்தோ? எனக்கென்ன விசரே? பின்சுவருக்கு என்ரை தலையணையை வைச்சிட்டு, கறிக்கு வாங்கின தேங்காயைத்தான் உருட்டினனான்!